கரடிக்கும் எருமைக்கும் குத்துச்சண்டை

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. முதலில் சண்டையைப் பாருங்கள்.

அந்தக் கோடையில் வற்றாமல் மிஞ்சியது ஒரே ஒரு சேற்றுக்குட்டை. அது யாருக்கு என்று கரடிக்கும் எருமைக்கும் குத்துச்சண்டை. மணிக்கயிற்றை இழுக்கும் வேலை ஆட்டுக்கு. கிளைமேல் உட்கார்ந்து நேர்முக வர்ணனை செய்வது மைனாவாகிய நான். எருமையக்கா முதுகில்தான் எனக்குத் தினமும் பூச்சி விருந்து, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“கரடியின் குத்து இடி மாதிரி, நேயர்களே! ஆனால் மூச்சு மூன்றே நிமிடம். எருமையோ பொழுது சாயும்வரை தாங்கும்!”

கரடி எருமையின் மூக்கைக் குறிவைத்துக் கையை ஓங்கியது. டிங்! சுற்று முடிந்தது. ஓங்கிய கையோடு ஸ்டூலில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது சுற்றிலும் ஓங்கியதும் டிங்!

மூன்றாவது சுற்று முடியவே இல்லை. கரடி விலாவில் குத்திக்கொண்டே இருந்தது, எருமைத்தோல் வாங்கிக்கொண்டே இருந்தது. “இன்னுமா மணி அடிக்கல?” என்று கரடி மூச்சிரைத்தபோது எருமை ஒரே ஒரு குத்து விட்டது. கரடி மல்லாந்தது. எருமை குட்டைக்குள் இறங்கியது.

கரடி தள்ளாடியபடி ஆட்டிடம் போனது. “ஏன்டா மணி அடிக்கல?”

“எப்படிண்ணே அடிக்கிறது? சண்டை தொடங்குறதுக்கு முன்னாடியே கயித்தைத் தின்னுட்டேனே!”

“அப்போ முதல் ரெண்டு சுத்துல அடிச்சது?”

“டிங்!” என்றேன்.

கரடி பழக்கதோஷத்தில் ஸ்டூலில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகத் தலையைத் தூக்கி என் கிளையைப் பார்த்தது.

“அடேய் மைனா!”