நாலாவது ஊக்கு

முதுகுக்குப் பின்னால் அந்தத் தாள் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது.

பத்தாவது சுற்று. இந்நேரம் அந்தச் சத்தம் கேட்கவே கூடாது.

கல்லூரி விளையாட்டு விழாவில் பெண்களுக்கான ஐயாயிரம் மீட்டருக்குப் பெயர் கொடுத்தது முனீஸ்வரி ஒருத்திதான். கோட்டில் மூன்று பேராவது நிற்காவிட்டால் போட்டியே கிடையாது என்று பி.டி. சார் ஆசீர்வாதம் கையை விரித்துவிட்டார். போட்டி நடந்து, அதில் முதலாவதாக வந்தால்தான் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அனுப்புவார்கள். அதுவும் ஒருத்தியை மட்டும்.

அதனால் ஆள் சேர்த்தாள்.

வகுப்புத் தோழி ஆன்மேரி ஒரு முட்டை பப்ஸுக்கும் ரோஸ் மில்க்குக்கும் ஒப்புக்கொண்டாள். மூன்றாவது ஆள், மதினி சரண்யாதேவி.

அண்ணன் காளையைக் கல்யாணம் கட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கமிருந்து தல்லாகுளம் வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இதே கல்லூரியில் எம்.காம். படிக்கிறாள். "ஒரு சுத்து சும்மா ஓடிட்டு நின்னுக்கிடுதேன், போதும்லா?" என்று சரண்யாதேவி சிரித்தபோது முனீஸ்வரி அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஆன்மேரி பேச்சு மாறவில்லை. முதல் சுற்று முடிந்ததும் புல்லில் சாய்ந்து, "ஏ முனீசு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டுப் போடி!" என்று கத்தினாள்.

மதினி நிற்கவில்லை.

நம்பர் தாளைக் குத்த ஆளுக்கு நாலு ஊக்கு கொடுத்திருந்தார்கள். மதினி மூன்றைத்தான் தாளுக்குக் குத்தினாள். நாலாவதால் தாலியைப் பனியனுக்குள் விட்டுச் சேர்த்துக் குத்திக்கொண்டாள். இப்போது ஊக்கில்லாத மூலைதான் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

வெறுங்கால் ஓசையும் கூடவே வந்தது. சீரான ஓசை.

முனீஸ்வரியின் காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஸ்பைக்ஸ் ஷூ இருந்தது. கல்யாணம் முடிந்த வாரம் அண்ணன் கொடுத்தது. "வீட்ல சும்மாதான கெடக்கு, நீ போட்டு ஓடு" என்றான். எப்போதிலிருந்து சும்மா கிடந்தது என்று அவள் கேட்கவில்லை. அளவு சரியாக இருந்தது. உள்ளே மட்டும், பெருவிரலுக்கு அடுத்த விரல் பதிகிற இடத்தில், நீளமாக ஒரு பள்ளம். அவள் விரல் அதுவரை எட்டாது.

வேகத்தைக் கூட்டினாள். படபடப்பும் கூடியது.

குறைத்தாள். அதுவும் குறைந்தது.

தாண்டவும் மாட்டேன் என்கிறாள், விடவும் மாட்டேன் என்கிறாள். என்ன நினைக்கிறாள்? நேற்றுச் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னதற்கா? பல் தெரியச் சிரித்தாளே.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள்.

மதினி பக்கத்தில் வந்துவிட்டாள். முனீஸ்வரி ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆறு மாதமாகப் பார்க்கிற முகமில்லை அது. வாயை இறுக்காமல், கண்ணை நேரே வைத்து, யாரோ ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள்.

"தோளை எறக்கு, முனீசு. கைய வீசு." மூச்சு வாங்காத குரல்.

முனீஸ்வரி தோளை இறக்கினாள். அவள் சொன்னதை ஏன் கேட்டோம் என்று புரியவில்லை.

கடைசி வளைவு திரும்பியதும் மதினி அரை அடி முன்னால் போனாள். பிறகு ஓர் அடி.

போச்சு. நாலு மாதமாக ஆள் நடமாட்டமில்லாத காலையில் எழுந்து ஓடியதெல்லாம் போச்சு. தானே கூட்டிவந்து, தானே கோட்டில் நிறுத்தி, தன் இடத்தைத் தானே கொடுத்தாகிவிட்டது. கோபமா அழுகையா என்று தெரியாமலே, இதுவரை ஓடாத ஓட்டம் ஓடினாள்.

நாடாவுக்கு நாலடி இருக்கும்போது தாளின் சத்தம் நின்றுபோனது.

முனீஸ்வரி நாடாவை அறுத்துக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தாள்.

மதினி சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள், காயாத கோலத்தை மிதிக்கப் பயந்து நிற்பதுபோல.

ஆசீர்வாதம் சார் ஸ்டாப்வாட்சோடு ஓடிவந்தார். "யாரும்மா அந்தப் பிள்ள? எம்புட்டு ஓட்டம் ஓடுது! தாண்டச் சொல்லும்மா, ரெண்டாவது எடம்!"

"வாங்க மதினி, ஒரு எட்டு!"

"வேண்டாம்ட்டி. தாண்டுனா மைக்ல பேரச் சொல்லுவாவ." மதினி கேட் பக்கம் பார்த்தாள். "ஒங்கண்ணன் வந்துட்டாவ."

அண்ணன் அப்போதுதான் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் காட்டி, வாயெல்லாம் சிரிப்பாக ஆட்டினான்.

மதினி திரும்பி நின்று நாலாவது ஊக்கைக் கழற்றினாள். தாலியை வெளியே எடுத்துவிட்டாள். அந்த ஊக்கைத் தாளின் மூலையில் குத்தப் போனவள், என்ன நினைத்தாளோ, மொத்தத் தாளையும் உருவிச் சுருட்டிக்கொண்டாள். பிறகு புல்லில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி மடியில் வைத்தாள்.

மெட்டி நசுங்கி, விரலைக் கிழித்திருந்தது.

அந்த விரல் பெருவிரலைத் தாண்டி நீண்டிருந்தது.

முனீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் குனிந்து, தன் ஷூ லேஸில் கை வைத்தாள்.

மதினியின் கை வந்து அந்தக் கையைப் பிடித்தது.

"அவுக்காத. ஒனக்கு அளவு சரியாத்தான இருக்கு?"