ஐந்தாவது குரல்

தவக்காலத்தில் எங்கள் ஜார்ஜ்டவுன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க மாட்டார்கள். நானூறு வருடப் பழைய லத்தீன் துக்கப் பாடல் ஒன்றை வெறும் குரலில் நாங்கள் நான்கு பேர் பயின்றுகொண்டிருந்தோம். மூன்றாவது வரியில் ஐந்தாவதாக ஒரு குரல் கேட்டது. பெண் குரல். எங்கள் தலைக்கு மேலே.

போன தவக்காலத்தில் என் பக்கத்தில் நின்று பாடியவள் என் மனைவி ரெஜினா. ஆகஸ்டில் அவளை அடக்கம் செய்தோம்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சுலா," என்றான் வின்சென்ட். அவன் முகம் வெளுத்திருந்தது. "ஸ்டெல்லாக்கா, நான் கிளம்புறேன். பேயோட சேர்ந்து பாட எனக்கு வராது."

குழுவை நடத்தும் ஸ்டெல்லா அக்கா சிரித்தார். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் சுருதி பிசகாம சேர்ந்தா மேல இப்படி ஒரு குரல் தானா கேக்கும். பத்து வருஷமா டிரை பண்றேன், இன்னிக்குத்தான் வந்திருக்கு."

"இத்தனை வருஷமா ஏன்க்கா வரல?" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. வின்சென்ட் தரையைப் பார்த்தான்.

எனக்கே புரிந்தது. ரெஜினா எப்போதும் சுருதி சற்று இறங்கித்தான் பாடுவாள். அவள் மனம் நோகுமென்று யாரும் சொன்னதில்லை. அவள் பாடாததால்தான் அந்தக் குரல் கேட்கிறது.

"மறுபடி ஆரம்பிப்போமா தம்பி?" என்றார் அக்கா மெல்ல.

மூன்றாவது வரி வந்தது. நான் சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடினேன். மேலே எதுவும் கேட்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லவில்லை.