நாலாம் நம்பர் தொட்டி

“இன்னும் கொஞ்சம் குனிங்க சார். அப்பதான் வாசனை முழுசாத் தெரியும்” என்றாள் இஷ்பெல்.

நாலாம் நம்பர் தொட்டியின் விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்தார் லோகன். இருபதடி ஆழ மரத்தொட்டிக்குள் பார்லிச் சாறு புளித்து, நுரைத்துப் புரண்டுகொண்டிருந்தது. மூக்கில் சுரீரென்று ஏற, சிரித்துக்கொண்டே பின்வாங்கினார்.

“அடேயப்பா! ஆளையே அடிச்சிடும் போல.”

“அடிச்சிருக்கு சார்.” அவர் கோப்பையில் நாலாவது முறையாக விஸ்கி ஊற்றினாள்.

மத்தியானப் படகில் தீவின் விஸ்கி ஆலையைப் பார்க்க வந்த மற்றவர்கள் பீப்பாய்க் கிடங்குக்குப் போய்விட்டார்கள். ஆலையைச் சுற்றிக்காட்டும் இஷ்பெல், பழைய முதலாளியின் மகனுக்குத் தனி மரியாதை என்று லோகனை மட்டும் நிறுத்திக்கொண்டாள். முட்டிவலி என்று தங்கிவிட்ட ஒரு கிழவி சுவரோரப் பெஞ்சில் இருந்தாள். படியேறும்போது இஷ்பெல் நீட்டிய கையைத் தொடாமல், கம்பியைப் பிடித்துத் தானே ஏறி வந்தவள்.

லோகன் கிழவிக்கு வணக்கம் சொன்னார். பதில் இல்லை.

“அவங்களுக்குக் காது சுத்தமாக் கேக்காது சார்.”

முன்பதிவுப் பட்டியலில் லோகன் பெயரைப் பார்த்த நாளிலிருந்து இஷ்பெல் இந்த மத்தியானத்துக்காகக் காத்திருந்தாள். முப்பது வருடத்துக்கு முன் இதே தொட்டியைக் கழுவ இறங்கிய ஈவன் என்ற தொழிலாளி, அடியில் தேங்கியிருந்த வாயுவில் மூச்சடைத்துச் செத்தான். இறங்கச் சொன்னது மேஸ்திரி டூகல்தான் என்று லோகன் கிளாஸ்கோ கோர்ட்டில் சத்தியம் செய்தார்.

டூகலுக்கு இரண்டு வருடம் ஜெயில். திரும்பி வந்தவருக்குத் தீவில் யாரும் வேலை தரவில்லை. மதுக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போனான். அவருடைய ஒரே மகள் இஷ்பெல். லோகனுக்கு அது தெரியாது.

“அன்னிக்கு ஈவனை இறக்கின மேஸ்திரி ரொம்ப அலட்சியக்காரனோ சார்?” என்று சாதாரணமாகக் கேட்டாள்.

லோகன் வாய்விட்டுச் சிரித்தார். “டூகலா? பயந்தாங்கொள்ளி! வாயு வெளியேறட்டும், நாளைக்குத்தான் ஆளை இறக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான். எங்கப்பாவோ அன்னிக்கே தொட்டி தயாராகணும்னு என் உயிரை வாங்கறார். டூகல் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ‘மேஸ்திரி சரின்னுட்டார், இறங்குடா’ன்னு ஈவனை நான்தான் இறக்கிவிட்டேன்.”

“அப்ப கோர்ட்ல சொன்னது?”

“பின்ன? எங்க குடும்பப் பேர் என்னாகறது? ஜெயிலுக்குப் போறதுக்குன்னே சில பேர் பொறக்கறாங்க கண்ணு.”

கோப்பையைக் காலி செய்துவிட்டு மறுபடி குனிந்தார். “இதோ, இந்த இடம். ஒரு கையை மட்டும் மேலே தூக்கினான். அவ்வளவுதான்.”

இஷ்பெல் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளும் தாமாக எழுந்தன. ஒரு தள்ளு போதும். குடித்திருந்தார், வழுக்கிவிட்டது என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

அவள் பற்களைக் கடித்தாள். பிறகு அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து, தொட்டியின் மூடியை டமாரென்று சாத்தினாள்.

“என்ன பொண்ணு இது, பைத்தியமா உனக்கு?”

“நான் டூகலோட மகள்.”

லோகன் முகம் வெளுத்தது. ஆனால் ஒரு நிமிடம்தான். கோட்டை உதறிச் சரிசெய்துகொண்டு இளித்தார்.

“அதுக்கென்ன? போய் ஊர் பூரா சொல்லு. ஜெயில்ல கிடந்தவன் மகள் பேச்சை எவன் நம்புவான்? யாரு சாட்சி? இந்தச் செவிட்டுக் கிழவியா?”

கிழவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். நடந்து வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

“நான் செவிடு இல்ல. ஈவன் பொண்டாட்டி.”