ஓர் இரவுக்கு ஒரு பெட்டி

"இருந்த இருப்பில நித்திரையாகிறார், டொக்டர். நேற்று ட்ரக்டர் ஓடிக்கொண்டிருக்கேக்க கண்ணயர்ந்து வாய்க்காலுக்குள்ள விட்டிட்டார். பின்னால ஆக்கள் ஏறியிருந்தா என்ன நடந்திருக்கும்?"

கமலாசனி டொக்டரின் மேசையில் சாய்ந்தபடி கேட்டாள். பக்கத்துக் கதிரையில் அவளுடைய கணவர் நல்லதம்பி முழங்கையில் கட்டுடன் தலைகுனிந்து இருந்தார். துணுக்காயில், போரால் இடம்பெயர்ந்த சனத்துக்காக நடந்த சிறிய வைத்திய நிலையம் அது.

"இரவில குறட்டை விடுறவரோ?" என்று டொக்டர் இராசேஸ்வரி கேட்டார்.

"நான் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி, டொக்டர். எனக்கு ஒண்டும் கேக்காது. அடுத்த வளவு மீனம்மா அக்காதான் சொன்னவா. குறட்டைச் சத்தம் அவையின்ர கொட்டில் வரைக்கும் கேக்குதாம். இடையில சட்டெண்டு அடங்கிப் போகுமாம். பிறகு தண்ணிக்குள்ள மூழ்கி எழும்பின ஆள் மாதிரி மூச்சை இழுக்கிற சத்தம் கேக்குமாம்."

டொக்டரின் முகம் மாறியது.

"நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வருது போல. ஆள் செத்துச் செத்துப் பிழைக்கிற மாதிரித்தான். அப்பிடிப் படுத்தா பகலில அசதி வராமல் என்ன செய்யும்?"

அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். வெளிநாட்டு வைத்தியக் குழு ஒன்று போகும்போது விட்டுச் சென்றது.

"இந்தக் கிளிப்பை விரலில கொழுவிக்கொண்டு படுக்க வேணும். இரத்தத்தில எவ்வளவு ஒட்சிசன் இருக்கெண்டு விடியும் மட்டும் இது பதிஞ்சு வைக்கும். மூச்சு நிண்டா ஒட்சிசன் இறங்கும். இந்தத் தடைக்குள்ள பற்றறி எடுக்கிறது எவ்வளவு கரைச்சல் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? இதுக்குள்ள இருக்கிறது ஒரு இரவுக்குத்தான் போதும். கவனம்."

ஊசி என்றாலே ஓடுகிற நல்லதம்பி, மறுபேச்சில்லாமல் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டார். கமலாசனி அதைக் கவனித்தாள். ஏதோ பெரிதாய் வந்துவிட்டதென்று மனிசனுக்கே தெரிந்துவிட்டதோ?

அன்று படுக்கும்போது கிளிப்பை அவளேதான் அவர் விரலில் கொழுவினாள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடி விடிய விடிய முழித்திருக்கத்தான் நினைத்தாள். எப்போது கண்ணை மூடினாளோ தெரியாது. எழும்பியபோது முற்றத்தில் வெயில். வழக்கம்போல் தலை விண்விண்ணென்று இடித்தது. நல்லதம்பி கிளிப்பைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

'புருசன் மூச்சுக்குத் தவிச்சுக்கொண்டிருக்க, நித்திரை கொண்டிருக்கிறன், மூதேவி!' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வைத்திய நிலையத்தில் ஜெனரேற்றரைப் போட்டு, பெட்டியைக் கொம்பியூட்டருடன் இணைத்தார்கள். திரையில் ஒரு கோடு மரம் அரியும் வாளின் பல்லைப்போல் ஏறி ஏறி இறங்கியது. கமலாசனி கோட்டைப் பார்க்கவில்லை. டொக்டரின் முகத்தையே பார்த்தாள்.

"சுகமான ஆக்களுக்குத் தொண்ணூற்றஞ்சுக்குக் கிட்ட நிக்கும். இது எழுபது வரைக்கும் இறங்கியிருக்கு. ஒருக்கா ரெண்டு தரமில்லை, இரவு முழுக்க. இப்பிடியே விட்டா இதயம் பழுதாப் போகும்."

"ஐயோ, முறிகண்டிப் பிள்ளையாரே!" கமலாசனி கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "டொக்டர், எனக்கு இவரை விட்டா ஒருத்தருமில்லை."

"அழாதேங்கோ அம்மா. சுகப்படுத்தலாம். ஆனா இந்தப் பெட்டி சொல்லுறது மட்டும் போதாது. வவுனியா பெரியாஸ்பத்திரிக்குப் போய் வடிவாக் காட்ட வேணும். இஞ்சையிருந்து வெளியில போறதுக்குப் பாஸ் எடுக்க நான் கடிதம் தாறன். அதுவரைக்கும் மல்லாக்காப் படுக்கக் கூடாது, சரிஞ்சுதான் படுக்க வேணும்."

டொக்டர் பேனையை எடுத்தார். "நோயாளியின்ர பேர்... நல்லதம்பி..."

"அதை வெட்டுங்கோ, டொக்டர்." நல்லதம்பி குறுக்கிட்டார். "கமலாசனி எண்டு எழுதுங்கோ."

இரண்டு பெண்களும் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்கள்.

"தனக்கெண்டு சொன்னா பயத்தில இவ இஞ்சை வரமாட்டா. அதுதான், இவ நித்திரையான பிறகு கிளிப்பைக் கழற்றி இவவின்ர விரலில கொழுவிப்போட்டு, மூச்சு நிக்கிற நேரமெல்லாம் தட்டி விடுறதுக்கு வழமைபோல நான் பக்கத்தில முழிச்சிருந்தனான்."