வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கைபேசியில் 'சேமி' என்பதை அழுத்தினாள்.

கூடத்தில் அண்ணனின் கைபேசி மணியடித்தது.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து அக்காவின் அறைக் கதவு தெரியும். எதிரே நாற்காலி. நாற்காலியில் அண்ணன்.

கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். புதியது. நேற்று அக்கா ஒரு பெயரைச் சொன்னாள். அரை மணி நேரத்தில் அண்ணன் திருப்புளியோடு வந்துவிட்டான்.

இன்று ஐந்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். கையோடு பூவும் வைத்துவிடுவார்கள்.

"எம்மா, எவனோ நம்ம நாச்சியார் கதையில கை வச்சிருக்கான்," என்றான் அண்ணன், சமையலறைப் பக்கம் திரும்பி.

கதவடைத்த நாச்சியார் அவர்கள் வீட்டுத் தெய்வம். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவளைப் பற்றி அண்ணன்தான் எழுதியிருந்தான். யார் அதை மாற்றினாலும் அவன் கைபேசிக்குத் தகவல் வரும். 'தன் விருப்பப்படி அறைக்குள் சென்று, உட்புறம் தாழிட்டு, தெய்வமானாள்.'

அந்த வரியை அவள் மாற்றியிருந்தாள்.

'தாழ்ப்பாள் வெளிப்புறம் உள்ளது. பூட்டியவர்கள் அவளுடைய அண்ணன்மார்.'

கோபத்தில் செய்தது. அண்ணனிடம் நேரில் பேச அவளுக்கு வாய் வராது.

அண்ணன் எழுந்தான். கைபேசியில் தமிழ் அடிக்க அவனுக்குத் தெரியாது. தெருப்பக்க அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போனான்.

நாற்காலி காலியாகக் கிடந்தது.

இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

அவன் திரும்பி வர நான்கு நிமிடம் பத்து வினாடி. இயற்பியல் படித்த பழக்கம். ஒரே ஒரு முறை அளந்தால் போதாது என்பதும் அங்கே படித்ததுதான்.

பக்கம் பழையபடி இருந்தது. கீழே ஒரு குறிப்பு. 'ஆதாரம் இல்லாததால் நீக்கப்பட்டது.'

ஆதாரம் சொந்த ஊரில், நாச்சியார் கோயிலில் இருக்கிறது. அந்தக் கதவு, அந்தத் தாழ்ப்பாள். யாரும் திறப்பதில்லை. மூடிய கதவுக்குத்தான் பொங்கல். அண்ணனும் வருடா வருடம் அதன் முன்னால் விழுந்து கும்பிடுகிறான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கோயில் திருவிழாவான கொடைக்கு முந்தின நாள் வீட்டுப் பெண்கள் மட்டும் போய் அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுவார்கள்.

திறக்காத தாழ்ப்பாளுக்கு எதற்கு எண்ணெய் என்று சின்ன வயதில் கேட்டாள்.

"சத்தம் வரக் கூடாதுல்லா," என்றாள் அம்மா.

இன்று காலை சாப்பாடு கொடுக்கத் திறந்தபோது புதுத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. வீடு முழுக்கக் கேட்டது.

அதே வரியை மறுபடி மாற்றினாள்.

"திரும்பவும் பாரும்மா. படிச்ச கிறுக்கனா இருப்பான்."

அண்ணன் போனான். அவள் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தாழ்ப்பாளில் தடவினாள். அரை அங்குலம் நகர்த்தினாள்.

சத்தம் இல்லை.

"மூணு இருவது பஸ்," என்றாள் கதவிடுக்கில்.

உள்ளே கட்டில் ஒருமுறை அசைந்தது.

மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. அண்ணனுக்குக் கை பழகிக்கொண்டிருந்தது.

ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கலாம். அது அவனுக்குத் தெரியாது. மாறிய வரிகளை ஒவ்வோர் எழுத்தாகத் திரும்ப அடிக்கிறான்.

மூன்றாம் முறை பதினோரு இடங்களில் மாற்றினாள். எதுவும் பொய் இல்லை. நாச்சியாருக்கு வயது பத்தொன்பது. பூட்டியவர்கள் மூன்று பேர். இரண்டு நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை.

எண்ணெய் போடும் வழக்கத்தையும் எழுதினாள்.

பிறகு அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள்.

மணி மூன்று ஐந்து. சேமி.

அண்ணன் படித்தான். எழவில்லை. மறுபடி படித்தான். மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"ஏட்டி, இதெல்லாம் நம்ம வீட்டாளுக்குத்தான தெரியும்?"

அவள் உள்ளங்கை எண்ணெயில் வழுக்கியது. கைபேசியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒங்க பெரியப்பா மவன் ஒருத்தன் போதாதால?" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போன கொடையில மொத மரியாத கெடைக்கலன்னு குதிச்சாம்லா. வாறவுக அதப் படிச்சா என்ன நெனப்பாக? போயி ஒழுங்கா மாத்திட்டு வா."

"அவனா? இருக்கு அவனுக்கு."

அண்ணன் போனான்.

அவள் இழுத்ததும் தாழ்ப்பாள் வெண்ணெயில் விரல் போல வந்தது. அக்கா ஒரு பையோடு நின்றாள். கன்னத்தில் நேற்றைய தடம். தங்கையின் எண்ணெய்க் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். விட்டாள்.

கொல்லைக் கதவு வரை போய் நின்றாள்.

அது இரும்புக் கதவு. அதற்கு எண்ணெய் போடவில்லை. தங்கை மறந்துவிட்டிருந்தாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

தெருப்பக்க அறையில் விசைகள் தட்டும் சத்தம் நின்றது.

சமையலறையில் மிக்சி அலறத் தொடங்கியது.

அக்கா கதவை இழுத்தாள். எதுவும் கேட்கவில்லை. வெயில் உள்ளே விழுந்தது. பிறகு வெயில் இல்லை.

தங்கை அறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். மாடிப்படிக்குப் போனாள்.

மிக்சி நின்றது. விசைகளின் சத்தம் மறுபடி கேட்டது.

பன்னிரண்டு நிமிடம் கழித்து அண்ணன் வந்தான். நாற்காலியில் சாய்ந்தான். கதவைப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

"எல்லாம் சரி பண்ணியாச்சு. ஏட்டி, தண்ணி கொண்டா."

அவள் சமையலறைக்குப் போனாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

மிக்சி ஜார் மேடையில் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே எதுவும் இல்லை. ஈரம்கூட இல்லை.