பின் இருக்கையில் இருபது மைல்

பின் இருக்கையில் ஏறி அமர்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். கண்ணை மூடினாள்.

கண்ணை மூடுவதுதான் இன்றைய வேலை.

காருக்கு வயது ஐந்து வாரம். அதன் முகத்துக்கு வயது தொண்ணூறு வருடம். நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், கதவடியில் ஏறி நிற்க ஒரு படி. அந்தக் காலத்துத் துரைமாருக்குச் செய்தது போலவே இந்தக் காலத்துப் பணக்காரருக்கும் செய்கிறார்கள், இங்கிலாந்தின் இந்தச் சின்னப் பட்டறையில், எல்லாம் கையாலேயே. என்ன ஆசையோ, போங்கள்.

பின் இருக்கை அவள் கைவேலை. தோலை வெட்டியது, தைத்தது, மரச்சட்டத்தில் இழுத்துப் பொருத்தியது எல்லாம் அவள் ஒருத்திதான். தனியாகச் செய்த முதல் இருக்கை.

பட்டறையில் ஒரு வழக்கம். இருக்கையைத் தைத்தவரே அதில் உட்கார்ந்து இருபது மைல் போய்வர வேண்டும். கண்ணை மூடிக் காதைக் கொடுக்க வேண்டும். தோல் முனகினால், சட்டம் கிறீச்சிட்டால் கையை உயர்த்த வேண்டும். ஒருமுறை உயர்த்தினாலும் இருக்கையை முழுதாகப் பிரித்துவிடுவார்கள்.

அவளை வேலையில் நிரந்தரமாக்கும் பேச்சும் அதோடு போய்விடும்.

கேட்டாலும் கேட்காதது போல இருக்கலாம்தான். யாருக்குத் தெரியப்போகிறது?

அவளுக்குத் தெரியும். அதுதான் கரைச்சல்.

ஓட்டுகிறவர் தவநேசன் அண்ணை. முன்பு லண்டனில் பஸ் ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். சோதனை ஓட்டத்தில் மட்டும் பேச்சுமூச்சு இருக்காது.

முதல் மைல். கல் பாவிய தெரு. ஒன்றுமில்லை.

பாலத்து மேடு. நெஞ்சு படபடவென்று அடித்தது. அவளுக்கு அது மட்டும்தான் கேட்டது.

அவளுடையது பொல்லாத காது. இந்த நாட்டுக்கு லொறிகளில் ஒளிந்து வந்தவள். பதினொரு நாள். யார் மறிக்கிறார்கள், எந்தக் கதவு திறக்கிறது என்று கேட்டுக் கேட்டே வந்தாள். பதினாறு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஓடுகிற வண்டி எதிலும் அவள் கண் அயர்ந்ததில்லை. பஸ்ஸில் போனால், அம்மா காவல்காரி மாதிரி சென்ட்ரி பார்க்கிறா என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

எட்டாவது மைலில் ஒரு பெரிய வளைவு. உடம்பு சரியவில்லை. இருக்கை அவளைப் பிடித்துக்கொண்டது. நன்றாகத்தான் தைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாவது மைல்.

கார் நின்றிருந்தது.

கண்ணைத் திறந்தாள். பட்டறை வாசல். கடைவாயில் ஈரம்.

ஐயோ கடவுளே. மிச்சப் பதினொரு மைலும் எங்கே போனது?

தவநேசன் அண்ணை முன்னால் இருந்து தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தான் நித்திரையாகிவிட்டதாகவும் ஒன்றுமே கேட்கவில்லை என்றும் சொன்னாள். பொய்யாகச் சரி போட வேண்டாம், திரும்ப ஒருமுறை ஓடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். வெட்கத்தில் முகம் சுட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் கேட்டுக்கொண்டுதானே பிள்ளை வந்தனான்."

தாளை நீட்டினார். மேலாளருக்குப் போகிற தாள். சத்தம் ஏதும் உண்டா என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதியிருந்தார்.

தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

அதற்குக் கீழே, என்ன சத்தம், எங்கிருந்து என்ற கட்டம். அவருடைய கோணல் எழுத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

ஒன்பதாவது மைல் முதல் இருபதாவது மைல் வரை. பின் இருக்கை. குறட்டை.

வேறு ஒரு சத்தமும் இல்லை.