நாய்ப் படத்துக்கு ஒரு காரணம்

ஒரு சிகரெட்டாவது பிடித்துத் தொலைக்கக் கூடாதா?

படம் எழுபது நிமிடம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் யாரும் புகைக்கவில்லை. குடிக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முத்தம்கூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரக் குடும்பமாம்!

அவள் லேப்டாப்பை நிறுத்திவிட்டுப் படிவத்தைப் பார்த்தாள்.

சண்டை: இல்லை.

ரத்தம்: இல்லை.

கெட்ட வார்த்தை: இல்லை.

பிள்ளைகள் பயப்படும் காட்சி: இல்லை.

கடைசிக் கட்டம்தான் மிச்சம். மாணவர்களுக்கு ஏற்றது அல்லது ஏற்றதல்ல. பக்கத்தில், காரணம்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியில் படம் போடுவார்கள். முன்கூட்டியே பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையை இரண்டாம் வகுப்பு டீச்சரான அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை.

“நாய்ப் படம் டீச்சர். பிள்ளைங்க குதிக்கும்” என்று பென்டிரைவைக் கொடுத்தார் தலைமையாசிரியர்.

குதிக்கும். பிறகு கேள்வி கேட்கும்.

பொம்மைப் படமாக இருந்தாலும் தப்பித்திருக்கலாம். இது நிஜ நாய். பழுப்பு நிறம். ஒரு காது மடங்கியிருந்தது. வீடு மாறிப் போகிற குடும்பம் அதை வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் மறந்து விட்டுப் போகிறது.

பெல்லுவுக்கும் ஒரு காது மடங்கித்தான் இருக்கும்.

பள்ளி மணி அடித்தால் எழுந்து நின்று ஊளையிடும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். படுக்கை இரண்டாம் வகுப்பு வராந்தாவில். ஒருநாள் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியைப் பார்த்து உறுமிவிட்டது. அன்றைக்கே நகராட்சிக்குப் புகார் எழுதினாள். அழகான கையெழுத்தில்.

வண்டி வந்தது. வலையோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஊசி போடத்தான் கொண்டுபோகிறார்கள், மூன்றே நாளில் இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று சொன்னாள். பொய் இல்லை. வண்டிக்காரர் அப்படித்தான் சொன்னார். போன் நம்பர் எழுதிய சீட்டும் கொடுத்தார்.

இன்று பத்தொன்பதாம் நாள்.

சீட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. முதல் வாரம் மறந்துபோனாள். அடுத்த வாரம் வராந்தா சுத்தமாக இருந்தது. அதன் பிறகு போன் செய்ய வெட்கமாக இருந்தது.

பிள்ளைகளும் கேட்பதை விட்டுவிட்டார்கள். சங்கவி மட்டும் தினமும் மதியச் சாப்பாட்டு முட்டையில் பாதியை நோட்டுத் தாளில் மடித்து கேட் ஓரம் வைக்கிறாள். அவள் தலை மறைந்ததும் காக்கைகள் இறங்கிவிடும். முட்டையை வீணாக்காதே என்று டீச்சர் இரண்டு முறை திட்டியாயிற்று.

மறுபடி படத்தை ஓட விட்டாள்.

அந்த நாய் செத்தால் தேவலை என்று நினைத்தாள். அளவுக்கு மீறிய சோகம் என்று எழுதித் தள்ளிவிடலாம். நினைத்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நாய் சாகவில்லை.

அதுவாகத் திரும்பி வந்தாலும் சமாளிக்கலாம். சினிமாவில் வரும், நிஜத்தில் வராது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் இந்த ஆட்கள் காரைத் திருப்புகிறார்கள்.

அப்பா கம்பம் கம்பமாகப் படம் ஒட்டுகிறார். அம்மா வீடு வீடாகக் கதவைத் தட்டி, “மன்னியுங்கள், இந்த நாயைக் கண்டீர்களா?” என்று டப்பிங் தமிழில் கேட்கிறாள். முகத்தில் அறைந்ததுபோல் கதவைச் சாத்துகிறார்கள். அடுத்த வீட்டுக்குப் போகிறாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போகிறாள். இருபது நிமிடம் இதுதான். ஒரு பாட்டுகூட இல்லை.

போதும்.

‘ஏற்றதல்ல’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்.

‘பெரியவர்கள் தேடுகிறார்கள்.’

எழுதியதைப் படித்தாள். அடித்தாள். அடித்த அடியில் தாள் கிழிந்தது.

சே!

சாப்பாட்டு வேளை முடியும் மணி அடித்தது. மணி ஓய்ந்த பிறகும் காது ஊளைக்காகக் காத்திருந்தது.

கண்ணாடியைத் தூக்கிச் சீட்டை எடுத்தாள். நான்காவது தடவை யாரோ போனை எடுத்தார்கள். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஸ்கூல் வாசல்லதான் மேடம் விட்ருக்கோம். அப்பவே, மூணாம் நாளே. ரயில்வே கேட் ஸ்கூல்.”

இது ரயில்வே கேட் பள்ளி இல்லை. அது ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. பதினாறு நாளாகப் பெல்லு ஒரு போன் தூரத்தில் இருந்திருக்கிறது.

தலைமையாசிரியரிடம் ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டி கேட் ஓரம் நின்றது. அங்கே, மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல், சங்கவி குனிந்துகொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தாள்.

“திட்ட மாட்டேன். அதக் குடும்மா. பெல்லுவத் தேடப் போறேன்.”

சங்கவி முழித்தாள்.

“எதுக்கு டீச்சர்? அதான் டெய்லி வந்து தின்னுட்டுப் போகுதே. தாள் காலியாத்தான் இருக்கு.”

மதில்மேல் இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்திருந்தன.

டீச்சர் வண்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

“அது வரல சங்கவி. நான்தான் தேடாம இருந்துட்டேன்.”

சங்கவி அண்ணாந்து காக்கைகளைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

டீச்சர் கையை நீட்டினாள்.

அந்தக் கையில் சங்கவி வைக்கவில்லை. தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். ஸ்கூட்டியின் முன்பெட்டியில் தானே வைத்தாள். கீழே விழுந்துவிடுமா என்று ஒருமுறை வண்டியை ஆட்டிப் பார்த்தாள்.